இடது மேல் மூலையில் மடிப்பு

என் வேலை
வேறொருவருக்காகக் கை தூக்குவது.

டர்பனில், உம்கேனி சாலையில்
பழைய சர்க்கரைக் கிடங்குக்கு வெள்ளையடித்து
ஏலக்கூடமாக்கியிருக்கிறார்கள்.
ஐந்து மேசை, ஐந்து டெலிபோன்.
மூன்றாவது என்னுடையது.
லண்டனோ துபாயோ, காதுக்குள் ஒரு மூச்சு
தொகையைச் சொல்லும்.
கை உயரும்.
அந்தப் பணத்தில் ஒரு சதம்கூட
என் விரலில் ஒட்டியதில்லை.

அன்று லாட் நூற்றுப் பதினான்கு:
சிகரெட் பெட்டிக்குள் வந்த அட்டை,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
படத்தில் படையாச்சி, பந்துவீச்சாளர், இடது கை.
சட்டையில் மூன்றாம் பொத்தான் இல்லை.
கறுப்பரும் இந்தியரும் ஆடிய லீக்குக்கு
கம்பெனி ஒரே ஒருமுறை அட்டை போட்டது.
வாங்குகிறவர்கள் முகம் சுளிக்க
அச்சிட்டதில் பெரும்பகுதியைக் கொதிகலனில் கொட்டியதாகச்
சொல்லப்படுகிறது.
(கேட்டலாக்கில் அப்படித்தான் இருக்கிறது.
கேட்டலாக் எழுதியது நான்.)

மிஞ்சியவை ஏழு. இது நான்காம் தரம்.
பூதக்கண்ணாடி வைத்து எழுதினேன்:
முனைகள் மழுங்கல். பின்புறம் பழுப்பு.
இடது மேல் மூலையில் மடிப்பு,
நீளம் இரண்டு மில்லிமீட்டர்.

அந்த இரண்டு மில்லிமீட்டர்
விலையில் முப்பதாயிரம் ராண்டைத் தின்றுவிடும்.
மில்லிமீட்டருக்கு
என் ஒன்றரை மாதச் சம்பளம்.

படையாச்சியே
பையில் வைத்து மடித்திருக்கலாம்.
நிரூபித்தால் விலை ஏறும்.
நிரூபிக்க முடியாததால் சேதம்.

பத்தாயிரத்தில் ஆரம்பம்.
முன்வரிசை நாணயக்காரர்கள்
இருபத்தைந்தில் கழன்றுகொண்டார்கள்.
பிறகு இரண்டே பேர்:
என் காதுக்குள் லண்டன்,
கடைசி வரிசையில் முனியன், பலகை எழுபத்தொன்று.
எண்ணெய் ஆலையின் நீல மேலாடை,
முழங்கையில் கிரீஸ் கறை.
ஒவ்வொரு தடவையும் கையை உடனே இறக்காமல்
பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி
தூக்கியபடியே இருந்தார்.

நாற்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து.
"அறுபது வரைக்கும் என்னைக் கேட்காதே,
போய்க்கொண்டே இரு."
லண்டன் காலையிலேயே சொல்லியிருந்தது.

நாற்பத்தெட்டு, முனியன்.

அந்த நொடியில் கரண்ட் போயிற்று.
இரண்டு மணி வெட்டு,
அட்டவணைப்படி மிகச் சரியாக.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழ
நாற்பது நொடியாகும்.
லைன் செத்துவிட்டது.
ஏலம் விடும் ஃபூரி
செல்போன் வெளிச்சத்தில் தன் தாடையை மட்டும் வைத்துக்கொண்டு
நிற்காமல் விட்டார்:
நாற்பத்தெட்டு, ஒரு தரம்.

வெளிச்சம் என் மேசைப் பக்கம் திரும்பியது.
எனக்கு அனுமதி இருந்தது.
என் கை என் மடியில் இருந்தது.

இரண்டு தரம்.

அந்த மேலாடைக்குள் ஒரு வீடு கட்டினேன்.
கூடத்துச் சுவர், கண்ணாடிச் சட்டம்,
சாப்பிட உட்காரும்போதெல்லாம்
அந்த மூன்றாம் பொத்தானைப் பார்க்கும் ஓர் ஆள்.

மூன்று தரம்.
சுத்தியல்.
விளக்கு வந்தது.

லண்டனுக்கு எழுதினேன்: தொழில்நுட்பக் கோளாறு.
இரவு கறியில் உப்பு கூடுதல்.
பிள்ளைகள் முகம் கோண,
நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்டில்
பழுப்பு உறையில் ஒன்று மேசைக்கு வந்தது.
உறையைப் பிரிக்குமுன் மூலை தெரிந்தது.
விற்பவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.
இஸ்திரி போட்ட லினன் சட்டை,
எழுபதாயிரத்துக்குக் குறைந்தால் கிடையாதாம்.

"ஆலையில் இன்று லீவா?" என்றேன்.
"எந்த ஆலை?" என்றவர்
கொஞ்சம் யோசித்துச் சிரித்தார்.
"ஓ, அதுவா. சனிக்கிழமைச் சந்தையில் நாற்பது ராண்ட்.
அதைப் போட்டுக்கொண்டு வந்தால்
யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்துவிடுவார்கள்."

ரசீது எழுதிக் கொடுத்தேன்.
அவர் போனதும் பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
முனைகள் மழுங்கல். பின்புறம் பழுப்பு.
அளந்தேன். இரண்டு.
துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். இரண்டு.

இடது மேல் மூலையில் மடிப்பு,
நீளம் இரண்டரை மில்லிமீட்டர்
என்று எழுதினேன்.

அந்த அரை
என்னுடையது.